இருபது ரூபாய் நோட்டும் ரோஸ் தீவின் டென்னிஸ் கோர்ட்டும்

வீட்டில் பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டு இருந்தால் எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். 2019-ல் வந்த எல்லோரா நோட்டு இல்லை, அதற்கு முந்தையது. தென்னை மரங்கள், கடல், எதிர்க்கரையில் ஒரு மலை, கலங்கரை விளக்கம் எல்லாம் இருக்கும். இருபது வருஷமாக நோட்டு எண்ணியே பிழைக்கிறவன் நான். ஆனால் அந்தப் படம் எந்த ஊர் என்று அந்தமானுக்கு மாற்றலாகி வரும்வரை தெரியாது :-)

ஊருக்கு இப்போது பெயர் ஸ்ரீ விஜயபுரம் (2024 முதல்). எங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான் வருகிறது. அந்த மலை மவுண்ட் ஹேரியட். 1860-களில் இங்கே கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் டைட்லரின் மனைவி ஹேரியட்டின் பெயர். கணவன் மனைவி இருவரும் அந்தக் காலத்திலேயே புகைப்படக் கலையில் கெட்டிக்காரர்கள். பின்னாளில் தலைமை ஆணையர்கள் வெயில் காலத்தில் தங்க மலை மேல் ஒரு பங்களா இருந்தது. அவர்களுக்கு நம்ம ஊட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். 2021-ல் இது மவுண்ட் மணிப்பூர் ஆனது. 1891 போரில் தோற்ற மணிப்பூர் மன்னர் குலசந்திராவையும் அவர் ஆட்களையும் நாடு கடத்தி வைத்திருந்த இடம் என்பதால் இந்தப் பெயர்.

சூரியன் மறைவதைப் பார்க்க இந்த மலை ஏறிய ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. அவர் இந்தியாவின் வைஸ்ராய் மேயோ பிரபு. 1872 பிப்ரவரி 8 அன்று கைதிகள் குடியிருப்பைப் பார்வையிட வந்தவர், மாலையில் மலை ஏறி அஸ்தமனத்தை ரசித்துவிட்டு இருட்டில் ஹோப்டவுன் துறைக்கு இறங்கினார். அங்கே ஷேர் அலி என்ற ஆயுள் கைதி கத்தியோடு பாய்ந்தார். பதவியில் இருக்கும்போது கொல்லப்பட்ட ஒரே வைஸ்ராய் மேயோதான். ஷேர் அலியை அடுத்த மாதமே வைப்பர் தீவில் தூக்கிலிட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு தங்கமணி, பொண்ணோடு ரோஸ் தீவுக்குப் போனோம் (2018 முதல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு). படகில் கொஞ்ச நேரம்தான். அரை சதுர கிலோமீட்டர்கூட இல்லாத இந்தத் தீவில்தான் 1858-லிருந்து எண்பது வருஷத்துக்கும் மேலாக அந்தமான் நிர்வாகத் தலைமையகம் இருந்தது. சர்ச், பேக்கரி, அச்சகம், நீச்சல் குளம், டென்னிஸ் கோர்ட், கிளப் என்று ஒரு குட்டி இங்கிலாந்தே கட்டியிருக்கிறார்கள். கீழ்நிலை அலுவலர்களுக்குத் தனி கிளப்! கேடர் பிரித்துப் பார்க்கும் வழக்கம் பேங்கில் ஆரம்பித்தது இல்லை போலிருக்கிறது.

எங்கே போனாலும் முதலில் கிளப் கட்டுவது அவர்கள் பழக்கம். சென்னையில் கிரிக்கெட் கிளப் 1846, போட் கிளப் 1867, ஜிம்கானா 1884. ஸ்னூக்கர் விதிகள் எழுதி மாட்டப்பட்டது 1882-ல் ஊட்டி கிளப்பில். ஆனால் ரோஸ் தீவில் ஒரு வித்தியாசம் உண்டு. பொண்ணு பள்ளிக்கூடத்தில் டென்னிஸ் ஆடுகிறாள். கோர்ட் பலகையைப் பார்த்ததும், "இதையெல்லாம் யாருப்பா கட்டினாங்க?" என்று கேட்டாள்.

கைதிகள். 1858 மார்ச் 10 அன்று டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கினார். காட்டை வெட்டியது அவர்கள்தான். தப்பி ஓடிப் பிடிபட்டவர்களில் 80 பேருக்கும் மேல் அந்த ஆரம்ப மாதங்களிலேயே தூக்கில் போடப்பட்டார்கள். அதன் பிறகு சென்னை மாகாணம் உட்பட எல்லாப் பக்கமிருந்தும் கைதிகள் வந்தார்கள். 1921 மலபார் கலகத்துக்குப் பிறகு மாப்பிள்ளைமாரும் வந்தார்கள். கட்டியது, படகு வலித்தது, வீட்டு வேலை பார்த்தது எல்லாம் கைதிகள். பி.காம் முதல் வருஷம் படித்ததுதான்: ஒரு பக்கம் வரவு என்றால் மறுபக்கம் பற்று இருந்தே தீரும். இங்கே ஆட்டமும் நடனமும் ஒரு பக்கம், மறுபக்கம் இவர்கள்.

தீவில் புள்ளிமான்கள் கையிலிருந்தே வாங்கித் தின்கின்றன. பொண்ணுக்கு ஒரே குஷி. ஆனால் மான் இந்த மண்ணின் பிராணியே இல்லை. வேட்டை விளையாட்டுக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. அடிக்கப் புலியோ சிறுத்தையோ இங்கே கிடையாது. மான்கள் நீந்தித் தீவு தீவாகப் பரவி, இளங்கன்றுகளை மேய்ந்து காட்டை வளரவிடாமல் செய்கின்றன. சுட்டவர்கள் போய்விட்டார்கள், மான் நிற்கிறது.

கைவேலை என்றால் இங்கே படாக் மரம். நம்மூர் வேங்கைக்கு நெருங்கிய சொந்தம், செக்கச்செவேல் என்று இருக்கும். 1883-ல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலை இன்னும் இருக்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம். 1942-ல் ஜப்பான்காரன் போட்ட குண்டின் பள்ளமும் அங்கே உண்டு. படாக் பலகைகள் லண்டனுக்குப் போயின. அமெரிக்காவில் புல்மன் ரயில் பெட்டிகளின் உட்புற அலங்காரத்துக்கும் போயின. காட்டில் அதை வெட்டியவர்கள் கைதிகளும், 1918-க்குப் பிறகு சோட்டா நாக்பூரிலிருந்து வந்த ராஞ்சித் தொழிலாளிகளும். இழுத்தவை யானைகள்.

1941 ஜூன் 26 பூகம்பம் ரோஸ் தீவை ஆட்டியது. 1942 மார்ச்சில் ஜப்பான் வந்தது. ஆட்டம் முடிந்தது. இன்று சர்ச் சுவரை ஆலமர வேர்கள் கட்டிப் பிடித்து நிற்கின்றன.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்தச் சுவர்கள் பிடித்திருந்தன. நூறு வருஷம் தாண்டியும் செங்கல் வரிசை நூல் பிடித்த மாதிரி நிற்கிறது. ரசித்தால் தப்பா என்று படகில் திரும்பும்போது யோசித்தேன். தப்பில்லை என்றுதான் தோன்றுகிறது. ரசிப்பதை ஆடினவர்கள் கணக்கில் எழுதாமல், வரிசை பிடித்து அடுக்கின கைகளின் கணக்கில் எழுதினால் போதும்.

பொண்ணிடம் இதைச் சொன்னேன். "அவங்க பேரு எங்கேயாவது எழுதியிருக்காப்பா?" என்றாள். டென்னிஸ் கோர்ட் பக்கத்துப் பலகையில் கோர்ட்டின் பெயர் மட்டும்தான் இருந்தது.

லீவுக்கு இந்தப் பக்கம் வந்தால் பிள்ளைகளோடு ரோஸ் தீவுக்குப் போங்கள். மானுக்கு பிஸ்கட் போடாதீர்கள். சுவரைத் தொட்டுப் பாருங்கள்.