வலியும் வேதனையும் (வாகன விபத்து இழப்பீடு)

வலியும் வேதனையும் என்பது இந்தியாவில் சாலை விபத்தில் காயமுற்றவருக்கு மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் கீழ் வழங்கப்படும் இழப்பீட்டின் தலைப்புகளுள் ஒன்றாகும். மருத்துவச் செலவுக்கு இருப்பதுபோல் இதற்குப் பற்றுச்சீட்டு எதுவும் கிடையாது. ஆதலால் விபத்து நடந்த நாள் முதல் பிறரால், சிறப்பாக மருத்துவமனையால், எழுதி வைக்கப்படும் பதிவுகளே இதற்கு முதன்மைச் சான்றாக அமைகின்றன. இம்மனுக்களை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் விசாரிக்கின்றன.

சட்டப் பின்னணி

சட்டத்தின் 168 ஆம் பிரிவு, தீர்ப்பாயம் தனக்கு நியாயமாகத் தோன்றும் தொகையை வழங்கலாம் என்கிறது. அத்தொகையை எவ்வாறு பகுப்பது என்பது தீர்ப்புகளின் வழியே வளர்ந்தது. விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த வழக்கறிஞர் ஒருவர் தொடர்ந்த ஹட்டங்கடி வழக்கில் (1995), பணத்தால் கணக்கிடத்தக்க இழப்பு, அவ்வாறு கணக்கிட இயலாத இழப்பு என்னும் பாகுபாட்டை உச்ச நீதிமன்றம் விளக்கியது. வலி, வேதனை, அதிர்ச்சி ஆகியன இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. ராஜ் குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் (2010) இத்தலைப்புகள் மேலும் தெளிவாக வரிசைப்படுத்தப்பட்டன. சாதாரணக் காய வழக்குகளில் மருத்துவச் செலவு, சிகிச்சைக் கால வருமான இழப்பு ஆகியவற்றுடன் வலிக்கும் வேதனைக்கும் உரிய தொகையும் வழங்கப்படும் என்று அத்தீர்ப்பு கூறுகிறது.

1994 ஆம் ஆண்டுத் திருத்தம், ஆண்டு வருமானம் 40,000 ரூபாய்க்கு மிகாதவர்களுக்கென ஓர் அட்டவணையைக் கொணர்ந்தது. அதன்படி வலிக்கும் வேதனைக்கும் கொடுங்காயமாயின் 5,000 ரூபாயும், ஏனைய காயமாயின் 1,000 ரூபாயும் வழங்கப்பட்டன. எந்த எலும்பு முறிந்தாலும் அது கொடுங்காயமே என்பதால், தொடை எலும்பு முறிந்தவருக்கும் சுண்டுவிரல் எலும்பு முறிந்தவருக்கும் ஒரே தொகைதான். கணக்கிட எளிது என்பதைத் தவிர இம்முறைக்கு வேறு சிறப்பு இருந்ததாகத் தெரியவில்லை. 2018 இல் மாற்றியமைக்கப்பட்ட இவ்வட்டவணை, 2019 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி 2022 ஏப்ரல் 1 முதல் நீக்கப்பட்டது.

குற்றவியல் சட்டமும் வலியை நாட்கணக்கில் அளக்கிறது. காயமுற்றவர் 20 நாட்கள் கடும் உடல் வலியில் இருந்தாலோ, வழக்கமான அலுவல்களைச் செய்ய இயலாதிருந்தாலோ அது கொடுங்காயம் என்று இந்தியத் தண்டனைச் சட்டம் வகுத்திருந்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா இதனை 15 நாட்களாகக் குறைத்துள்ளது.

வலியும் ஊனமும்

இவ்விரண்டும் வேறானவை. விலா எலும்பு முறிந்தவர் பல வாரங்கள் இருமவும் புரண்டு படுக்கவும் இயலாமல் துன்புற்று, பின்னர் எவ்வித ஊனமுமின்றிக் குணமடையலாம். அவரிடம் ஊனச் சான்றிதழ் இராது. ஆயினும் வலிக்குரிய இழப்பீடு பெற அவர் உரிமையுடையவர். ஊனச் சான்றிதழை மட்டுமே பெரிதாகக் கருதி, அதற்கு முந்தைய மாதங்களின் பதிவுகளைத் திரட்டாமல் விடுவது மனுதாரர்களிடம் காணப்படும் குறைபாடாகும். வருவாய் ஈட்டும் திறன் இழப்புக்கும், வலி முதலிய இழப்புகளுக்கும் தனித்தனியே தொகை வழங்கப்படும்போது நிரந்தர ஊனத்திற்கென மீண்டும் ஒரு தொகை வழங்க வேண்டியதில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு ஆயம் சோழன் போக்குவரத்துக் கழக வழக்கில் (2006) தீர்ப்பளித்தது.

மருத்துவ ஆவணங்கள்

முதல் ஆவணம் மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு ஆகும். காயமுற்றவர் அழைத்து வரப்பட்ட நேரம், விபத்து நேர்ந்த விதம், கண்ட காயங்கள் ஆகியன இதில் எழுதப்படும். முதல் நாளில் குறிக்கப்படாத கழுத்து வலி அல்லது முதுகு வலி மூன்று மாதங்கள் கழித்துக் கூறப்பட்டால், அது விபத்தால் வந்ததன்று என்று காப்பீட்டு நிறுவனம் வாதிட இடமுண்டு. காயம் சாதாரணமானதா, கொடுங்காயமா என்பதைக் காயச் சான்றிதழ் கூறும்.

டிஸ்சார்ஜ் சம்மரி எனப்படும் சுருக்கக் குறிப்பையே பெரும்பாலானோர் தாக்கல் செய்கின்றனர். இது நோயையும் அறுவை சிகிச்சையையும் கூறும்; வலியைக் கூறுவது அரிது. வீடு திரும்பும்போது ‘நிலை: நலம்’ என்று எழுதப்படும் வழக்கமான வரி குறுக்கு விசாரணையில் மனுதாரருக்கு எதிராகவே பயன்படக்கூடும். வலியின் உண்மையான வரலாறு உள்நோயாளி கேஸ் ஷீட்டில் உள்ளது. செவிலியர் வேளைதோறும் எழுதும் குறிப்புகள், 0 முதல் 10 வரையிலான வலி அளவீடு, வலிநிவாரணி ஊசி செலுத்திய நேரங்கள், உறக்கமின்மை பற்றிய குறிப்பு ஆகியன அதில் இருக்கும். இக்குறிப்புகள் வழக்கை எண்ணி எழுதப்படாதவை. அதனாலேயே அவற்றுக்கு மதிப்பு மிகுதி. பின்னர் வரும் பிசியோதெரபிப் பதிவுகளும் மருந்துச் சீட்டுகளும் வலி எத்தனை மாதங்கள் நீடித்தது என்பதைக் காட்டும்.

இந்திய மருத்துவக் கழகத்தின் 2002 ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, உள்நோயாளிப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பேண வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் வழங்க வேண்டும். வழக்கு அதனினும் நீண்டு செல்லக்கூடும் என்பதால் கேஸ் ஷீட்டின் நகலை முன்னரே பெற்றுக்கொள்வது நன்று.

சிகிச்சை அளிக்காத மருத்துவர்கள் எளிதில் வழங்கும் சான்றிதழ்கள் குறித்து ராஜ் குமார் தீர்ப்பு எச்சரிக்கிறது. சான்றிதழைத் தாக்கல் செய்வது மட்டும் போதாது. அதை வழங்கிய மருத்துவர் சாட்சியம் அளித்துக் குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும். ஐயம் எழுந்தால் தீர்ப்பாயம் மனுதாரரை மருத்துவக் குழுவிடம் அனுப்பலாம்.

மனுதாரரின் சாட்சியம்

தம் வலியை நேரில் அறிந்தவர் காயமுற்றவர் ஒருவரே. அவர் பிரமாண வாக்குமூலம் அளித்துக் குறுக்கு விசாரணைக்கு உட்படுகிறார். ‘தாங்க முடியாத வலி’ போன்ற பொதுச் சொற்கள் பெரும்பாலான மனுக்களில் காணப்படுவதால் அவை தனித்துப் பயன் தருவதில்லை. எத்தனை இரவுகள் உறங்கவில்லை, கழிப்பறைக்குச் செல்ல எவர் துணை நின்றார், எப்போது முதன்முதலாகத் தரையில் அமர முடிந்தது என்பன போன்ற செய்திகளே தீர்ப்பாயத்திற்கு உதவுகின்றன. அன்றாடம் எழுதிய நாட்குறிப்பு துணைச் சான்றாகலாம். ஆனால் மனுதாரர் தமக்காகவே எழுதியது என்பதால், மருத்துவக் குறிப்புகளோடு ஒத்துப்போனால்தான் அதற்கு மதிப்பு உண்டு; ஒரே நாளில் ஒரே மையால் எழுதியது போன்ற நாட்குறிப்பு வழக்கைக் கெடுத்துவிடும். உடனிருந்து பராமரித்த குடும்பத்தினரும் சாட்சியம் அளிக்கலாம்.

கைப்பேசியில் எடுத்த ஒளிப்படங்கள் மின்னணுப் பதிவுகள் ஆகும். அவற்றுக்கு பாரதிய சாட்சிய அதினியம், 2023 இன் 63 ஆம் பிரிவு சான்றிதழ் கோருகிறது. தீர்ப்பாயம் சுருக்க விசாரணை முறையைப் பின்பற்றினும், சான்றிதழ் இணைத்தால் பின்னர் தடை எழாது.

தொகை

இதற்கு வாய்பாடு இல்லை. காயத்தின் தன்மை, அறுவை சிகிச்சைகளின் எண்ணிக்கை, மருத்துவமனையில் இருந்த காலம், வயது ஆகியவற்றைக் கொண்டு தீர்ப்பாயம் மதிப்பிடுகிறது. 12 வயதில் விபத்துக்குள்ளாகி முழுமையாகச் செயலிழந்த சிறுமி ஒருவரின் வழக்கில், வலி, வேதனை, வாழ்வின் இன்பங்களை இழந்தமை ஆகியவற்றுக்காக உச்ச நீதிமன்றம் 2020 இல் 15 இலட்சம் ரூபாய் வழங்கியது. எனினும் அத்தகைய வழக்குகளின் தொகையைச் சாதாரண எலும்பு முறிவுக்கு எடுத்துக்காட்டுவது பொருந்தாது.

காலவரம்பு

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, விபத்து நேர்ந்த 6 மாதங்களுக்குள் மனு அளிக்கப்பட வேண்டும். இவ்வரம்பை எதிர்த்து வழக்குகள் தொடரப்பட்டுள்ளன. சிகிச்சை முடியாத நிலையிலும் மனு அளித்துவிட்டு, பிந்தைய மருத்துவப் பதிவுகளை விசாரணையின்போது தாக்கல் செய்யலாம்.