ஆங்கிலத் தீவிரப் பயிற்சியும் பருவப் பாடமும்: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம்

கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க இரு முறைகள் உண்டு. பருவப் பாடம் வாரத்துக்குச் சில மணி நேரமாக மாதக்கணக்கில் நடக்கும். தீவிரப் பயிற்சி அதே அளவு நேரத்தை நாளுக்கு நான்கைந்து மணியாகச் சில வாரங்களுக்குள் முடித்துவிடும். விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மலையடிவாரத்தில் உள்ள இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கல்லூரிகளில் பருவப் பாடமே முதன்மையானது.

1973இல் தொடங்கிய இராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இத்தகைய கலை, அறிவியல் கல்லூரிகளில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம். வாரத்துக்கு 6 பாடவேளை, பருவத்துக்கு 15 வாரம் என்று கொண்டால் 90 பாடவேளை கிடைக்கும். நாளுக்கு 5 பாடவேளை வீதம் நடத்தினால் இதே பாடம் 18 நாளில் முடிந்துவிடும். கிருஷ்ணன்கோவிலில் 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கலசலிங்கம் தன் பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்கிறது. 2013இல் தொடங்கிய ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. அப்பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டு விதிமுறைப்படி முதலாண்டின் இரு பருவங்களிலும் ஆங்கிலம் உண்டு. அதற்கு முன்பாக நடக்கும் அறிமுகப் பயிற்சியில், ஆங்கிலத்தில் பின்தங்கியவர்களுக்கான பகுதி ஒன்றும் இருக்கிறது. ஆனால் யோகா, விளையாட்டு, கலை, ஊர் அறிமுகம் எல்லாம் அதே நாட்களில் வருவதால் அதைத் தீவிரப் பயிற்சி என்று சொல்ல முடியாது. கலைக் கல்லூரிகள் புதிய மாணவர்களுக்கு நடத்தும் பிரிட்ஜ் கோர்ஸ் என்ற இணைப்புப் பயிற்சியும் பெரும்பாலும் சில நாட்களோடு முடிந்துவிடுகிறது.

இடைவெளி விட்டுப் படித்தால் நன்றாக நினைவில் நிற்கும் என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே காட்டினார். ஆனால் அவர் மனப்பாடம் செய்தவை பொருளற்ற அசைகள். மொழி வகுப்பில் ரகேல் செர்ரானோவும் கார்மென் முன்யோஸும் பார்சிலோனாவில் நடத்திய ஆய்வு 2007இல் வெளிவந்தது. ஒரே 110 மணி நேரப் பாடத்தை ஏழு மாதமாக, மூன்று நான்கு மாதமாக, ஐந்து வாரத்துக்குள் என மூன்று விதமாகப் பிரித்துப் பார்த்தார்கள். நேரத்தைச் சுருக்கி நடத்திய வகுப்புகளே மேலான பலன் தந்தன. செர்ரானோவின் 2011ஆம் ஆண்டு ஆய்வின்படி, இந்த நன்மை இடைநிலை மாணவர்களிடம் தெளிவாகத் தெரிந்தது. நன்கு தேறியவர்களுக்குப் பெரிய வேறுபாடு இல்லை.

இந்த வட்டாரத்துக்கு இம்முடிவு மிகவும் பொருந்தும். இங்கே வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ், சில குடும்பங்களில் தெலுங்கு. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்த மாணவிக்கு வகுப்பை விட்டு வெளியே வந்தால் ஆங்கிலம் காதில் விழாது. நேற்றுப் பேசிப் பார்த்த வாக்கியத்தை மறுநாள் 50 நிமிட வகுப்பில், அறுபது பேருக்கு நடுவே திரும்பச் சொல்ல வாய்ப்பு வருவது அரிது. நாள் முழுவதும் ஆங்கிலத்திலேயே நடக்கும் பயிற்சியில் கூச்சம் விரைவில் குறையத் தொடங்கலாம். ஆனால் கட்டுரை எழுதுவது, பாடநூல் வாசிப்பது, துறைச் சொற்களைப் பழகுவது ஆகியவற்றுக்கு மாதங்கள் தேவை. அங்கே பருவப் பாடத்துக்கு மாற்று இல்லை.

தீவிரப் பயிற்சிக்கு நடைமுறைத் தடைகளும் உண்டு. சேத்தூர், வத்திராயிருப்பு, சத்திரப்பட்டி பக்கமிருந்து பேருந்தில் வருபவர்களுக்கு மாலை வகுப்பு ஒத்துவராது. கோடை விடுமுறையில் வேலைக்குப் போய்க் கட்டணத்துக்குச் சேர்க்கும் மாணவர்கள் அப்போதும் வர இயலாது. எனவே முதல் பருவத்தின் தொடக்க வாரங்களில், கல்லூரி வேலைநேரத்துக்குள்ளேயே, பிற பாடங்களை நிறுத்திவைத்து நடத்துவதே இங்கே சாத்தியமான வழி.