தாது வருடப் பஞ்சம்: வானம் செய்ததும் மாந்தர் செய்ததும்

பேரிடர்களை இயற்கையால் விளைவன, மாந்தரால் விளைவன என இரண்டாகப் பகுத்துக் கூறுதல் நூல்வழக்கு. நிலநடுக்கம், புயல், வெள்ளம், வறட்சி என்பன முன்னவை; போரும் தீயும் நச்சுக்காற்றும் பின்னவை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டதை முதல் வகையிலும், 1984 டிசம்பரில் போபால் நகரில் நச்சுவளி கசிந்ததை இரண்டாம் வகையிலும் சேர்ப்பதில் எவர்க்கும் ஐயம் எழாது. ஆனால், பஞ்சத்தை எவ்வகையில் வைப்பது? மழை பொய்த்தது, பயிர் கருகியது, மக்கள் மாண்டனர் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். கருகிய பயிருக்கும் மாண்ட மனிதனுக்கும் இடையே எத்தனை கைகள் இருந்தன என்று எண்ணிப் பார்ப்பதில்லை. நம் மண்ணில் நிகழ்ந்த பெரும்பஞ்சம் ஒன்றைக் கொண்டு இதனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

1876ஆம் ஆண்டு, தமிழாண்டுக் கணக்கில் தாது. அறுபதாண்டுச் சுழற்சியில் அப்பெயர் 1936இலும் 1996இலும் மீண்டும் வந்து போயிற்று. எனினும் தாது வருடம் என்றவுடன் நம் முன்னோர் நெஞ்சில் நின்றது அந்த 1876 ஒன்றே. அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை குறைந்தது. வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது. பசிபிக் பெருங்கடலின் நீர்ப்பரப்பு வெப்பமுற்று, உலகின் மழைப்போக்கையே திரித்துவிடும் எல் நினோ என்னும் நிகழ்வு அக்காலத்தில் மிகக் கடுமையாக இருந்தது என்று இன்றைய அறிவியலார் கூறுவர். வட சீனமும் பிரேசில் நாட்டின் வடகிழக்கும் அதே ஆண்டுகளையொட்டிக் கொடும்பஞ்சத்தில் துடித்தன. இதுவரை வானத்தின் வேலை.

இனி மாந்தரின் வேலைக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் அப்போது இருப்புப்பாதை இருந்தது. பஞ்சத்தை ஒழிக்கும் கருவி அது என்றே பலரும் நம்பியிருந்தனர். நடந்தது வேறு. தானியம் பசி மிகுந்த ஊரை நாடிப் போகவில்லை. பணம் மிகுந்த ஊரை நாடிப் போயிற்று. உள்நாட்டுக் களஞ்சியங்களிலிருந்து தானியம் வெளியேற, விலை இரு மடங்கு, மும்மடங்கு என ஏறியது. இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை ஏற்றுமதியும் நிற்கவில்லை. சென்னை அரசு 30,000 டன் தானியத்தை வணிக நிறுவனம் ஒன்றின் வழியே கொள்முதல் செய்ய முயன்றபோது, வாணிகத்தில் அரசு தலையிடலாகாது என்று மேலிடம் கண்டித்தது. வைசிராய் லிட்டன், விக்டோரியா அரசியாரைப் பேரரசியாகப் பறைசாற்ற 1877 சனவரி முதல் நாள் டில்லியில் பெருவிழா எடுத்தார். அவர் ஒரு கவிஞர் என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும். கவிஞர்களாகிய நமக்கு அது சற்று உறுத்தலான செய்தியே.

லிட்டன் தென்னாட்டுக்கு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள். இவருடைய கதை வருத்தத்துக்குரிய விந்தை. 1873–74இல் பீகாரில் பஞ்சம் நேர்ந்தபோது பர்மாவிலிருந்து அரிசி தருவித்து, பெருஞ்சாவு நேராமல் காத்தவர் இவரே. அதற்குக் கிடைத்த பரிசு, பணத்தை வாரி இறைத்தார் என்ற பழி. அப்பழியைத் துடைக்க எண்ணினாரோ என்னவோ, 1877இல் சென்னை மாகாணத்துக்கு வந்தவர் கையை இறுக மூடிக்கொண்டார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாக் காசும் போதும் என்று விதித்தார். ஒரு பவுண்டு என்பது இன்றைய கணக்கில் ஏறத்தாழ 450 கிராம். நாள் முழுதும் கல்லுடைப்பவனுக்கு இது காணாது, ஒன்றரைப் பவுண்டாவது தானியமும் உடன் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று மாகாண நலத்துறை அலுவலர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்கள் கழித்து அளவு ஓரளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் முகாம்களில் காலராவும் வயிற்றுப்போக்கும் புகுந்துவிட்டன. ஒரு பவுண்டா, ஒன்றரைப் பவுண்டா என்னும் அந்த வழக்கில் மழைக்கு ஒரு பங்கும் இல்லை.

மாண்டவர் தொகையைத் துல்லியமாகச் சொல்வார் எவருமிலர். தென்னாடு, தக்காணம் முதலிய பகுதிகளில் 50 லட்சத்துக்கு மேல் என்பது பொதுவான மதிப்பீடு. 1871ஆம் ஆண்டுக் குடிக்கணக்கையும் 1881ஆம் ஆண்டுக் குடிக்கணக்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், சேலம் மாவட்டத்தில் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் குறைந்திருப்பது தெரியும். இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பிற நாடுகளுக்கும் கப்பலேறியவர் பலர். எலும்பும் தோலுமாய் அமர்ந்திருந்த குடும்பங்களை ஹூப்பர் என்னும் படையதிகாரி எடுத்த நிழற்படங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன; நெடுநேரம் பார்க்க இயலாதவை.

நம் புலவருலகம் அந்நாளில் என்ன செய்தது? யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். மாயூரம் வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளை ஏழைகளுக்கு ஈந்தார். அதனை வியந்து கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனை பாடினார். இவை பலரும் அறிந்தவை. அத்துணை அறியப்படாதது, சிவகங்கை அவைக்களப் புலவர் வில்லியப்ப பிள்ளை இயற்றி 1899இல் வெளிவந்த ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’. ஏறத்தாழ 4,500 அடிகள் கொண்ட அங்கத நூல். பசித்த மக்கள் மதுரைச் சொக்கநாதரிடம் முறையிட, அவரோ தம்மால் ஆவதொன்றுமில்லை என்று கைவிரித்து, சிவகங்கை மன்னருக்கு ஒரு திருமுகம் கொடுத்தனுப்புகிறார்.

இதன் நுட்பத்தைத் தமிழ் கற்றோர் உடனே உணர்வர். பாணபத்திரனின் வறுமை தீர, ஆலவாய் இறைவன் சேரமான் பெருமாளுக்குத் திருமுகம் வரைந்த பழங்கதையை எடுத்துத் தலைகீழாக்கியிருக்கிறார் புலவர். அங்கே அருளின் அடையாளமாக இருந்த ஓலை, இங்கே இயலாமையின் அடையாளமாகிறது. தெய்வத்தின் மேல் பழி போடும் பாவனையில் பழியை மண்ணுக்கே இறக்கிவிடுகிறார் அவர். பஞ்சத்தைப் பற்றி அழுது பாடுவது எளிது. சிரித்துக்கொண்டு பாடி அழச் செய்வது அரிது. இந்நூலை நம் இலக்கிய வரலாறுகள் ஓரிரு வரிகளில் கடந்து செல்வது முறையன்று என்பது என் கருத்து.

பஞ்சத்துக்குப் பின் ஆணையம் ஒன்று அமைந்து, 1880இல் அறிக்கை தந்தது; அதன்வழிப் பஞ்சகால விதித்தொகுப்பு உருவாயிற்று. பசித்தவனுக்கு வேலையும் கூலியும் உரிய காலத்தில் கொடுத்தால் சாவைத் தடுக்கலாம் என்பது அதன் சாரம். விதி ஏட்டில் இருந்தும், 1943இல் வங்காளத்தில் பஞ்சம் என்று முறையாக அறிவிக்கக்கூட மனமில்லாமல் லட்சக்கணக்கானோரைச் சாகவிட்டனர். உணவு இருப்பது வேறு, அதைப் பெறும் உரிமை ஒருவனுக்கு இருப்பது வேறு என்று அமர்த்தியா சென் 1981இல் எழுதியது அதனை ஆராய்ந்த பிறகே.

தாது வருடம் நம் தலைநகரில் ஒரு தடயத்தை விட்டுச் சென்றிருக்கிறது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் கால்வாய், 1877–78இல் பஞ்சக்கூலிகள் வெட்டியது. அப்போதைய ஆளுநர் பெயரால் அந்நீர்வழி முழுதும் பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை எழுந்தபோது, கடலோரத்தின் சில இடங்களில் அலைநீரை உள்வாங்கி ஊர்களைக் காத்தது அக்கால்வாய். பசித்தவர் வெட்டிய அந்த 8 கிலோமீட்டரிலோ, இன்று பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன.