காமிரா யாருடைய கண்? பிரிட்டிஷ் சரித்திரத் தொடர்களில் வேட்கை படமான வரலாறு

பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் சரித்திரத் தொடர்கள் நாவலை நம்பி வளர்ந்தவை. ஆஸ்டின், டிக்கன்ஸ், கால்ஸ்வொர்தி என்று நூலக அலமாரியிலிருந்து கதையை எடுத்து, பழைய மாளிகையும் குதிரை வண்டியும் சேர்த்து, ஞாயிறு மாலையில் குடும்பத்தோடு பார்க்கும்படி தந்தார்கள். அந்த நாவல்களில் பெரும்பாலானவை படுக்கையறை வாசலிலேயே நின்றுவிடும். ஆனாலும் கதையை நகர்த்துவது யார் யாரை விரும்புகிறார் என்பதுதான். எழுத்தில் சொல்லாமல் விட்டதைத் திரையில் எப்படிக் கொண்டுவருவது என்ற கேள்விக்கு 1960களிலிருந்து பலவிதமான விடைகள் கிடைத்துள்ளன. திரையில் எவ்வளவு உடல் தெரிந்தது என்று கணக்கெடுத்து இந்த வரலாற்றை எழுதலாம். காமிரா யாருடைய கண்ணாக நின்றது என்று கேட்டு எழுதினால்தான் உண்மையான மாற்றங்கள் பிடிபடும்.

1967 ஜனவரியில் பிபிசி 2 தொடங்கிய ‘தி ஃபோர்சைட் சாகா’ 26 பகுதிகள் கொண்டது. கறுப்பு வெள்ளையில், பெரும்பகுதி ஸ்டூடியோவுக்குள் எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிபிசி 1 அதை ஞாயிறு மாலைகளில் மறுபடி ஒளிபரப்பியபோது நாடே அதன் முன் உட்கார்ந்தது. 1969இல் கடைசிப் பகுதியைப் பார்த்தவர்கள் சுமார் 1.8 கோடிப் பேர். அக்காலத்து ஸ்டூடியோவில் கனமான காமிராக்கள் பல, சக்கரத் தாங்கிகளின் மேல் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நடிகர்கள் மேடை நாடகம் போலக் காட்சியை முழுதாக நடிப்பார்கள். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் ஒரு காமிராவிலிருந்து இன்னொன்றுக்கு அப்போதைக்கப்போதே மாற்றிக்கொண்டிருப்பார். வீடியோ நாடாவை வெட்டி ஒட்டுவது செலவு பிடித்த வேலை. எல்லாக் காமிராவுக்கும் பொதுவாக விளக்குப் போட வேண்டியிருந்ததால் அறையில் நிழலுக்கும் இடமில்லை. வீட்டுத் திரையோ சிறியது. ஆகவே முகம்தான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது.

தன்னை வெறுக்கும் மனைவி ஐரீனை சோம்ஸ் பலவந்தப்படுத்தும் காட்சி இந்தத் தொடரில்தான் வருகிறது. சோம்ஸாக எரிக் போர்ட்டர், ஐரீனாக நைரீ டான் போர்ட்டர். நிர்வாணம் என்று எதுவுமே இல்லாமல் எடுக்கப்பட்ட அந்தக் காட்சிக்குப் பிறகு, தவறு யார் மீது என்று நாடெங்கும் பேச்சு எழுந்தது. சோம்ஸுக்காகப் பரிதாபப்பட்டவர்களும் நிறைய. அந்தப் பிளவுக்குப் படமாக்கிய முறையும் ஒரு காரணம். இரண்டு முகங்களுக்கும் மாறி மாறி இடம் கொடுத்தே பழகிய ஸ்டூடியோ இலக்கணம் கணவனின் வேதனையையும் மனைவியின் வேதனையையும் ஒரே தராசில் வைத்துவிட்டது. சட்டமும் அன்று அவள் பக்கம் இல்லை. மனைவியைக் கணவன் வல்லுறவு செய்வது குற்றமே என்று பிரபுக்கள் சபை இங்கிலாந்துக்குத் தீர்ப்புச் சொன்னது 1991இல்தான்.

தொலைக்காட்சியைச் சுத்தப்படுத்த வேண்டும் என்று மேரி வைட்ஹவுஸ் 1964இல் இயக்கம் தொடங்கியிருந்தார். பெரியவர்களுக்கான காட்சிகள் இரவு ஒன்பது மணிக்குப் பிறகே என்ற வழக்கமும் அந்தப் பத்தாண்டில் உருவானதுதான். இந்தக் கெடுபிடிக்குள்ளும் 1976இல் பிபிசி ‘ஐ, கிளாடியஸ்’ தொடரில் மார்பு திறந்த நடனப் பெண்களையும் அரண்மனைக் கேளிக்கைகளையும் காட்ட முடிந்தது. ரோமாபுரி என்ற பெயர் தந்த சலுகை அது. விக்டோரியா காலத்து வரவேற்பறைக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆனால் அந்த நிர்வாணம் பின்னணி அலங்காரமாகவே நின்றது. எந்தப் பாத்திரத்தின் ஆசையும் அதனால் துலங்கவில்லை.

பெரிய மாற்றம் 1981இல் வந்தது. கிரானடா நிறுவனம் ஐடிவிக்காக எடுத்த ‘பிரைட்ஸ்ஹெட் ரீவிசிட்டட்’ 11 பகுதிகள். ஸ்டூடியோவை விட்டு வெளியேறி, யார்க்ஷயரின் காஸில் ஹோவர்ட் மாளிகையிலும் வெனிஸிலும் 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்தார்கள். மைக்கேல் லிண்ட்சே-ஹாக் 1979இல் தொடங்கிய படப்பிடிப்பு ஐடிவி வேலைநிறுத்தத்தால் பல மாதம் நின்றுபோக, சார்ல்ஸ் ஸ்டரிட்ஜ் பொறுப்பேற்று முடித்தார். ஒரே காமிரா; ஒவ்வொரு ஷாட்டுக்கும் தனி விளக்கு; எதற்குப் பிறகு எது என்பது பின்னால் எடிட்டிங் அறையில் முடிவாகும். ஒருவர் பார்ப்பது, அவர் எதைப் பார்க்கிறார் என்பது, பார்த்தபின் அவர் முகம் மாறுவது: இந்த மூன்றையும் விரும்பிய நீளத்துக்கு அடுக்கும் சுதந்திரம் இப்படித்தான் தொடர்களுக்குக் கைவந்தது.

ஆக்ஸ்போர்டு மாணவர்களான சார்ல்ஸுக்கும் (ஜெரமி ஐயன்ஸ்) செபாஸ்டியனுக்கும் (ஆன்டனி ஆண்ட்ரூஸ்) இடையே இருப்பது என்ன என்று தொடர் பெயரிட்டுச் சொல்வதில்லை. கோடை வெயில், மரநிழல், ஸ்ட்ராபெரி, ஒயின், புல்லில் சாய்ந்து கிடக்கும் செபாஸ்டியன், அவனையே பார்த்துக்கொண்டிருக்கும் சார்ல்ஸ். அதற்கு மேல் ஓடும் பின்னணிக் குரலோ, இரண்டாம் உலகப்போரில் படை அதிகாரியாக அதே மாளிகைக்கு வந்துசேரும் நடுவயது சார்ல்ஸுடையது. அந்தக் குரல்தான் இங்கே முக்கியமான கருவி. நிகழும்போது பெயரில்லாமல் இருந்த ஆசை, நினைவாகச் சொல்லப்படும்போது காதலின் எடையைப் பெறுகிறது. ஆண்களுக்கு இடையிலான உறவு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றப் பட்டியலிலிருந்து ஓரளவு நீங்கி அப்போது 14 ஆண்டுகளே ஆகியிருந்தன. பின்னால் கப்பலில் சார்ல்ஸும் செபாஸ்டியனின் சகோதரி ஜூலியாவும் சேரும் காட்சியைத் தொடர் படுக்கையிலேயே எடுக்கிறது. ஆண் பெண் உறவுக்கு உடல், ஆண்களின் உறவுக்கு வெயிலும் குரலும் என்ற அந்த ஏற்றத்தாழ்வு அன்றைய எல்லையைக் காட்டுகிறது. இருந்தும், மனதில் தங்குவது வெயில் காட்சிகள்தான்.

சினிமாக் காமிரா வழக்கமாக ஆணின் கண்ணோடு நின்று பெண்ணைப் பார்வைப் பொருளாக்குகிறது என்று லாரா மல்வி 1975இல் ஒரு கட்டுரையில் வாதிட்டிருந்தார். அந்த வாதத்தைத் தலைகீழாக்கிய தொடர் என்று விமர்சகர்கள் பலரும் சுட்டுவது 1995இன் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’. பிபிசிக்காக சூ பர்ட்விசில் தயாரித்தார். ஆண்ட்ரூ டேவிஸ் எழுத, சைமன் லாங்டன் இயக்கினார். ஆறு பகுதிகள். ஆஸ்டினின் நாவலில் டார்சி பெரும்பாலும் எலிசபெத்தின் கண்ணுக்குத் தெரியும் அளவில் மட்டுமே இருப்பவன். டேவிஸ் அவனுக்குத் தனிமைக் காட்சிகளை எழுதிச் சேர்த்தார். டார்சி குளிக்கிறான், ஜன்னல் வழியே எலிசபெத் நாயோடு விளையாடுவதைப் பார்க்கிறான், மனதை அடக்க வாள்பயிற்சி செய்கிறான். பேசத் தெரியாத ஒருவனின் உள்ளம் அவன் உடலின் வழியாகவே வெளிப்படுகிறது.

இதில் மிகவும் பெயர்பெற்றது ஏரிக் காட்சி. செஷயரின் லைம் பார்க் எஸ்டேட்டில் எடுத்தது, நாவலில் இல்லாதது. எலிசபெத் டார்சியின் பெம்பர்லி மாளிகையைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறாள். வீட்டுப் பொறுப்பாளர் அம்மாள் எஜமானரைப் பற்றி நல்லவிதமாகச் சொல்லிக்கொண்டே வர, அவள் டார்சியின் பெரிய ஓவியத்தின் முன் நின்றுவிடுகிறாள். அதே சமயம் குதிரையில் வந்து இறங்கும் டார்சி, ஏரிக்கரையில் உட்கார்ந்து மேல்கோட்டையும் கழுத்துத் துணியையும் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீரில் பாய்கிறான். எடிட்டிங் இந்த இரண்டையும் மாற்றி மாற்றிக் கோக்கிறது. அவன் பாய்வதை எலிசபெத் பார்க்கவில்லை. அவள் பார்ப்பது சட்டத்துக்குள் இருக்கும், முழு உடை அணிந்த, அசையாத டார்சியை. நனைந்த டார்சி பார்வையாளருக்கு மட்டும் கிடைக்கிறான். ஆனாலும் அடுத்தடுத்து வைத்ததாலேயே, அவள் ஓவியத்தின் மீது வைத்த பார்வை தண்ணீரில் இருப்பவன் மீதும் விழுந்ததாக ஆகிவிடுகிறது. ஒரு ஆண் உடலின் மீது ஒரு பெண்ணின் ஆசையை, அவள் எதையும் காணாமலே, மரியாதை கெடாமலே நாட்டிய எடிட்டிங் அது. பிறகு இருவரும் புல்வெளியில் எதிரெதிரே வந்துவிடும்போது ஈரச் சட்டையோடு நிற்பவன் நலம் விசாரிக்கத் தடுமாறுகிறான். ஆடையோடு சேர்ந்து அவனுடைய அதிகாரமும் கழன்றிருக்கிறது.

டேவிஸ் முதலில் டார்சி நிர்வாணமாகக் குதிப்பதாகத்தான் எண்ணியிருந்தார். வெள்ளைச் சட்டை அதற்கு மாற்றாக வந்தது. பாய்ச்சலைச் செய்தவர் ஒரு சண்டைக் கலைஞர். நீருக்கடியில் உள்ள ஷாட் ஈலிங் ஸ்டூடியோவின் தொட்டியில் எடுத்தது. இப்படிப் பல துண்டுகளால் ஒட்டுப்போட்ட சில நொடிகள், டார்சியாக நடித்த காலின் ஃபர்த்தின் அடையாளமாகவே நிலைத்தன. ஆனால் தொடரின் நுட்பமான காட்சி அதற்குப் பிறகு வருகிறது. பெம்பர்லியின் வரவேற்பறையில் டார்சியின் தங்கை பியானோ வாசிக்க, பக்கத்தைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் நிற்கும் எலிசபெத்தும் எதிரே உட்கார்ந்திருக்கும் டார்சியும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். வசனம் இல்லை. வழக்கத்தைவிட நீளமாக விடப்பட்ட ஷாட்கள். ஏரியில் பார்வை ஒருவழிப் பாதை, இங்கே இருவழி.

பெண்களுக்கு இடையிலான வேட்கையை 1990இல் ‘போர்ட்ரெய்ட் ஆஃப் எ மேரேஜ்’ மூலமும் 2002இல் ‘டிப்பிங் தி வெல்வெட்’ மூலமும் பிபிசி முன்னரே காட்டியிருந்தது. சாரா வாட்டர்ஸின் நாவலைத் தழுவி 2005இல் வந்த ‘ஃபிங்கர்ஸ்மித்’தான் அதற்கென்று ஒரு மொழியைக் கண்டது. எஜமானி மாடின் பல் கூராக இருந்து உறுத்துகிறது. பணிப்பெண் சூ விரலில் தையல் உறையை மாட்டிக்கொண்டு அதை ராவிச் சரிசெய்கிறாள். மிக அருகில் வைத்த காமிரா, திறந்த வாய், ராவும் சத்தம், மூச்சு. வேலைக்காரி செய்ய வேண்டிய பணிவிடைதான் அது. யாரும் குற்றம் சொல்ல முடியாது. கையுறை, பொத்தான், தலைவாரல் என்று அந்தக் காலத்துப் பணிவிடைகள் அனைத்தும் தொடுகையே என்பதை இயக்குநர் ஐஸ்லிங் வால்ஷ் கண்டுகொண்டார். கதை பாதியில் கைமாறி மாடின் பக்கத்திலிருந்து மறுபடி சொல்லப்படும்போது, அவர்கள் சேர்ந்த இரவும் மறுபடி வருகிறது. முதல் முறை வஞ்சகமாகத் தெரிந்தது இரண்டாம் முறை காதலாகத் தெரிகிறது.

பணம் கட்டிப் பார்க்கும் அமெரிக்கச் சேனல்கள் உள்ளே வந்தபின் காட்டக்கூடியதன் எல்லை விரிந்தது. ‘தி டியூடர்ஸ்’ (2007), எச்பிஓவும் பிபிசியும் சேர்ந்து எடுத்த ‘ரோம்’ (2005) போன்றவை உடலைத் தாராளமாகக் காட்டின. பார்ப்பவர் யார் என்பதில் புதிதாக அதிகம் செய்யவில்லை. ஸ்காட்லாந்தில் எடுத்து ஸ்டார்ஸ் சேனலில் வந்த ‘அவுட்லேண்டர்’ செய்தது. 2014இல் வந்த அதன் ஏழாம் பகுதியான ‘தி வெட்டிங்’கை ஆன் கென்னி எழுத, அன்னா ஃபோர்ஸ்டர் இயக்கினார். 1743ஆம் ஆண்டு, மணமகள் கிளேர் அனுபவப்பட்டவள், மணமகன் ஜேமிக்கு இதுவே முதல் இரவு. உன்னைப் பார்க்க வேண்டும் என்று அவள்தான் கேட்கிறாள். அவனை அவள் மெதுவாகச் சுற்றிவர, காமிராவும் அவள் பார்வையோடு நகர்கிறது. பிறகே அவன் அதே கோரிக்கையை வைக்கிறான். இரவு முழுவதையும் ஒரே காட்சியாக அடைக்காமல் பேச்சும் சாப்பாடும் சிரிப்புமாக நீட்டியதால், உறவு வளர்வதும் கூச்சம் கரைவதும் படிப்படியாகத் தெரிகின்றன. அடுத்த ஆண்டு அதே தொடர், சிறையில் ஜேமி சித்திரவதைக்கும் வல்லுறவுக்கும் உள்ளாவதை நீண்ட நேரம் காட்டியது. அதிலிருந்த நிர்வாணம் தேவையற்றது என்று நடிகர் சாம் ஹியூவன் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார்.

அவர் தொட்டது படப்பிடிப்புத் தளத்தின் பழைய குறை. சண்டைக் காட்சிக்குப் பயிற்சியாளர் உண்டு, நடனத்துக்கு ஆசிரியர் உண்டு; நெருக்கமான காட்சியை மட்டும் நடிகர்களே சமாளித்துக்கொள்ள விட்டுவிடுவார்கள். பிரிட்டனில் அசைவுப் பயிற்சியாளர் ஈட்டா ஓ’பிரையன் இதற்கு நெறிமுறைகளை வகுத்து 2017இல் வெளியிட்டார். 1970களின் நியூயார்க்கைக் காட்டிய எச்பிஓ தொடர் ‘தி டியூஸ்’இல், நடிகை எமிலி மீட் கேட்டுக்கொண்டதன்பேரில் அலிசியா ரோடிஸ் 2018இல் நெருக்கக் காட்சி ஒருங்கிணைப்பாளராக வந்தார். எங்கே தொடலாம், எங்கே கூடாது, எந்த நொடியில் கை எங்கே நகரும், தோலுக்கு நடுவே எந்தத் தடுப்பு என்பதெல்லாம் முன்கூட்டியே பேசி ஒத்திகை பார்க்கப்படும். கட்டுப்பாட்டால் காட்சி உயிரிழக்கும் என்ற பயம் வீணானது. இது நடன அமைப்பாக மாறியபின், ஒவ்வொரு அசைவும் கதையில் ஒன்றைச் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்தது.

2019இல் சாலி வெயின்ரைட்டின் ‘ஜென்டில்மேன் ஜாக்’ வேறொரு வழியில் போனது. ஹாலிஃபாக்ஸ் அருகே ஷிப்டன் ஹாலில் வாழ்ந்த ஆன் லிஸ்டர் சுமார் 50 லட்சம் சொற்களில் நாட்குறிப்பு எழுதியவர். பெண்களோடு கொண்ட உறவுகளைச் சங்கேத எழுத்தில் மறைத்தார். தொடரில் அவராக நடிக்கும் சுரான் ஜோன்ஸ் நடக்கிற காட்சியின் நடுவே சட்டென்று காமிராவைத் திரும்பிப் பார்த்துப் பேசிவிடுகிறார். அந்த நொடியில் பார்வையாளர் நாட்குறிப்பின் இடத்தில் உட்கார்ந்துவிடுகிறார். பார்க்கப்படுகிறவள் திருப்பிப் பார்க்கிறாள். எவ்வளவு சொல்வது என்பதை அவளே முடிவுசெய்கிறாள்.

2020 கிறிஸ்துமஸ் நாளில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘பிரிட்ஜர்டன்’ தொடரில் நெருக்கக் காட்சிகளை லிஸி டால்பட் ஒருங்கிணைத்தார். ஆறாம் பகுதியில் புதுமணத் தம்பதியின் நாட்களை, டெய்லர் ஸ்விஃப்ட் பாடல் ஒன்றின் வாத்திய இசைக்கு மேல் தொகுத்து ஓட்டினார்கள். அதே பகுதியில் கணவனின் விருப்பத்துக்கு மாறாக மனைவி டாஃப்னி நடந்துகொள்ளும் காட்சி, சம்மதம் பற்றிய கடுமையான கண்டனத்தைச் சந்தித்தது. அவன் மறுப்பின் கனத்தைத் தொடர் பொருட்படுத்தாமல் கடந்துபோனது பெரிய பிழைதான்.

2022இன் இரண்டாம் பருவம் எதிர்த்திசையில் திரும்பியது. கேட், எட்வினா சகோதரிகளாக நடித்த சிமோன் ஆஷ்லி, சரித்ரா சந்திரன் இருவரும் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளைகள். கேட் தங்கையின் தலைக்கு எண்ணெய் தேய்க்கும் காட்சியும் இதில் உண்டு. கேட்டும் கதாநாயகன் ஆண்டனியும் ஒருவரையொருவர் உரசுமளவு நெருங்கி விலகுவதும், மூச்சுச் சத்தமும், கையுறை இல்லாத விரல்களின் அண்மைக் காட்சிகளுமே பெரும்பகுதி. கேட்டைத் தேனீ கொட்டியதும் ஆண்டனி பதறிப்போக, அவன் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்து அவள் அவனை அமைதிப்படுத்துகிறாள். தன் அப்பா தேனீ கொட்டி இறந்ததைக் கண்டவன் அவன். எட்டுப் பகுதிகளில் முதல் முத்தம் ஆறாவதில், இருவரும் சேர்வது ஏழாவதில். முதல் பருவத்தின் தாராளத்துக்குப் பழகிய ரசிகர்களில் சிலர் ஏமாற்றமடைந்தார்கள். இந்தப் பருவத்தையே மேலானதாகக் கொள்பவர்களும் உண்டு.