பரியின் துயரும் பிடரி மயிரும்

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிக்குச் செல்லும் சாலையில் திருமயத்தைக் கடப்பவர்கள், 1687ஆம் ஆண்டில் சேதுபதி மன்னர் கட்டுவித்த கோட்டையையும், ஒரே குன்றின் சரிவில் அடுத்தடுத்துக் குடையப்பெற்ற சிவாலயத்தையும் பெருமாள் கோயிலையும் கண்டு வியந்து செல்வது வழக்கம். அக்கோட்டையைச் சூழ்ந்த சீமையின் சிற்றூர்களில், கண்மாய்க் கரைகளிலும் ஐயனார் கோயில் முன்றில்களிலும் வரிசை வரிசையாக நிற்கும் மண் குதிரைகளுக்கு அவ்வளவு கவனம் கிட்டுவதில்லை. ஊரார் எடுத்துக் கொடுக்கும் பிடிமண்ணைப் பெற்றுக்கொண்ட வேளார், களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து பிசைந்து, நான்கு கால்களையும் உருளைகளாக முதலில் நிறுத்தி, அவை சற்று உலர்ந்து பாரம் தாங்கும் பக்குவம் அடைந்த பிறகே வயிற்றையும் மார்பையும் ஏற்றி, கழுத்தையும் தலையையும் கடைசியாகப் பொருத்திச் சூளையில் சுட்டு, வர்ணம் தீட்டிக் கொடுக்க, புரவி எடுப்பு என்னும் திருவிழாவில் அவற்றைத் தோளில் சுமந்து சென்று ஐயனாருக்குச் சமர்ப்பிக்கிறார்கள். கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில், 33 அடி உயரம் என்று சொல்லப்படும் குதிரைச் சிலைக்கு மாசி மகத்தன்று காகித மாலைகள் மலைபோல் குவிகின்றன. குதிரையை இவ்வளவு பக்தியோடு வணங்கும் இந்த நாட்டில் உயிருள்ள குதிரை எவ்விதம் வாழ்ந்தது என்று கேட்டால், அதற்குக் கிடைக்கும் விடை மனத்துக்கு உவப்பாக இல்லை.

குதிரை நம்முடைய மண்ணுக்குரிய பிராணி அன்று. உலர்ந்த குளிர்ந்த புல்வெளிகளில் மந்தையாகத் திரிந்து, நாளின் பெரும்பகுதியை மேய்வதிலேயே கழிக்கும் இயல்புடைய அந்த ஜீவனுக்குச் சோழ பாண்டிய நாடுகளின் வெப்பமும், கடற்கரையின் ஈரக்காற்றும், நெல்லே பிரதானமாக விளையும் நிலமும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆயினும் குதிரைப்படை இல்லாத அரசன் அரசனாக மதிக்கப்படவில்லை; ஆதலால் குதிரைகள் கடல் கடந்து வந்துகொண்டே இருந்தன. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கப்பலில் வந்திறங்கிய புரவிகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் காணப்படுகிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ, பாண்டியரின் காயல் துறைமுகம் அராபிய, பாரசீகக் குதிரை வாணிகத்தின் பெருஞ்சந்தையாகவே விளங்கிற்று.

அந்த வாணிகத்தைப் பற்றி இருவர் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருவர் வெனிஸ் நகரத்துப் பிரயாணியாகிய மார்க்கோ போலோ; மற்றவர் பாரசீக சரித்திராசிரியராகிய வசாப். ஹொர்முஸ், கீஷ், தோபார், ஏடன் முதலிய துறைகளிலிருந்து வணிகர்கள் குதிரைகளைக் கொண்டுவர, பாண்டிய மன்னர் ஒருவரே ஆண்டுக்கு 2,000க்கு மேல் வாங்கினார் என்றும், அவருடைய சகோதரர்களும் அவ்வாறே வாங்கினார்கள் என்றும், ஆண்டு முடிவில் அவற்றில் 100கூட எஞ்சுவதில்லை என்றும் போலோ கூறுகிறார். இலாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர் இங்கே இல்லை. அத்தகையோர் இங்கு வந்துவிடாதபடி வணிகர்களே தடுத்துவிடுகிறார்கள். ஏனெனில் குதிரைகள் சாகச் சாகத்தானே வியாபாரம் வளரும் என்பது அவர் தரும் காரணம். வசாப் ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனாரம் என்று கணக்கிட்டு, வழியில் கடலில் மாண்ட குதிரைக்கும் அந்த விலை கொடுக்கப்பட்டது என்கிறார். அவர் எழுதியவற்றுள் என்னைப் பெரிதும் வாட்டுவது, வந்திறங்கிய குதிரை லாயத்தில் பட்ட பாட்டைப் பற்றிய பகுதி. பழக்கமான பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெய் சேர்த்த தானியமும் காய்ச்சிய பாலும் ஊட்டி, கயிற்றாலும் முளையாலும் 40 நாள் ஒரே இடத்தில் கட்டிவைத்து, கொழுத்தபின் தக்க பயிற்சியின்றியே சவாரி செய்தார்களாம்; சில நாட்களுக்குள் வேகமும் வலிமையும் மிக்க குதிரைகள் தளர்ந்து, மந்தமுற்று, ஒன்றுக்கும் உதவாதவை ஆயினவாம்.

அந்நியர் எழுதிய இவ்வார்த்தைகளில் மிகை இருக்கலாம். தம் நாட்டுக் குதிரை வளர்ப்பில் பெருமிதம் கொண்டவர்கள் பிறர் வளர்ப்பைத் தாழ்த்திப் பேசுவது இயல்பு. எனினும், வெவ்வேறு மொழியில் வெவ்வேறு நோக்கத்தோடு எழுதிய இருவரும் பராமரிப்புக் குறைவு என்னும் ஒரே முடிவுக்கு வருவதனால், இதனை முழுவதும் கட்டுக்கதை என்று தள்ளிவிட நான் துணியவில்லை. வாரக்கணக்கான கப்பல் பிரயாணம், மந்தையிலிருந்து பிரிவு, பழகாத உணவு, அசைய இடமில்லாத கட்டு ஆகிய இவையனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தால் எந்தக் குதிரையும் உள்ளுக்குள்ளேயே உருக்குலைந்து போகும் என்பதை இன்றைய கால்நடை வைத்தியர் எவரும் ஒப்புக்கொள்வர்.

திருமயத்துக்குத் தென்கிழக்கே ஆவுடையார்கோயில் இருக்கிறது. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொருளை அவனுடைய அமைச்சராகிய திருவாதவூரர் சிவப்பணியில் செலவிட்ட திருப்பெருந்துறை அதுவே. இறைவன் நரிகளைப் பரிகளாக்கி ஓட்டிவந்ததும், இரவில் அவை மீண்டும் நரிகளாகி லாயத்தில் முன்பே நின்ற குதிரைகளைக் கடித்துக் குதறியதும் திருவிளையாடலாக நம் குழந்தைகளுக்கும் தெரியும். அமைச்சர் பட்ட துன்பத்துக்காக உருகும் நாம், அந்தக் கட்டுத்தறியில் தப்ப வழியின்றி மாண்ட பழங் குதிரைகளை நினைப்பதில்லை.

குதிரையின் மயிரை நம்மவர் கூர்ந்து பார்க்காமலும் இல்லை. நெற்றியிலும் கழுத்திலும் மார்பிலும் மயிர் சுழிந்திருக்கும் விதத்தைக் கொண்டு, இந்தப் பரி உடையவனுக்கு வெற்றி தருமா, குடியைக் கெடுக்குமா என்று நிர்ணயிப்பது பழைய அசுவ சாஸ்திரங்களின் முக்கியமான அம்சம். நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் 1952ல் வர்ணச் சித்திரங்களோடு பதிப்பித்திருக்கிறது. சுழி சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்து விலை பேசும் சம்பிரதாயம் இன்றும் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் மறையவில்லை. மயிரைப் படித்தவர்கள் எல்லோரும் எஜமானனுடைய எதிர்காலத்தையே அதில் தேடினார்களேயன்றி, குதிரையினுடைய கடந்த காலமும் அதில் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்த்தவர் இல்லை.

அந்தக் கடந்த காலத்தைத்தான் இப்போதைய விஞ்ஞானம் படிக்கத் தொடங்கியிருக்கிறது. அச்சமோ வலியோ நேரும்போது, சிறுநீரகத்தின்மேல் அமைந்த அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசால் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் கலக்கிறது. இரத்தத்தைச் சோதித்தால் அந்தக் கணத்தின் நிலையே தெரியும். காலையில் உயர்ந்தும் மாலையில் தாழ்ந்தும் இயல்பாகவே மாறும் அந்த அளவு, ஊசியைக் கண்டு குதிரை மிரண்டாலும் ஏறிவிடும். மயிரோ வளரும்போது வேரிலிருந்து இரத்தத்தின் கார்ட்டிசாலைச் சிறிது சிறிதாகத் தன்னுள் வாங்கி வைத்துக்கொள்கிறது. பிடரி மயிர் மாதத்துக்கு ஏறத்தாழ 2.5 செ.மீ. வளர்வதால், தோலை ஒட்டி வெட்டிய 15 செ.மீ. நீளக் கற்றை ஒன்றில் சுமார் ஆறு மாத விருத்தாந்தம் அடங்கியிருக்கிறது. தோலருகிலுள்ள பகுதி சென்ற மாதம்; நுனி, அரையாண்டுக்கு முந்தைய நாட்கள். ஆய்வுக்கூடத்தில் அக்கற்றையைத் துண்டுகளாக நறுக்கி, வேர்வையும் அழுக்கும் நீங்க ஆல்கஹாலில் அலசி உலர்த்தி, பொடியாக அரைத்து, மெத்தனாலில் ஊறவைத்து, கரைந்து வந்த ஹார்மோனை அளக்கிறார்கள். குதிரைக்கு வலி இல்லை. கத்தரிக்கோல் ஒன்றே போதும்.

2002ல் ஹைராக்ஸ் என்னும் சிறு காட்டு விலங்கின் மயிரில் இம்முறை கையாளப்பட்டது. 2012ல் இத்தாலிய ஆராய்ச்சியாளர் குதிரைக் குட்டிகளின் மயிரில் அளந்து வெளியிட்டனர். ஆனால் இதனை ஜோதிடம்போல் கொள்ளலாகாது. பருவமும் மயிரின் நிறமும் வேர்வையும் அளவை மாற்றக்கூடும். உற்சாகமான ஓட்டமும் கார்ட்டிசாலை உயர்த்தும். நெடுங்காலம் துன்புற்றுச் சோர்ந்துபோன குதிரைகளின் உடலில் அது குறைந்தே காணப்பட்டதும் உண்டு. ஆகவே மயிரின் சாட்சியத்தை, பார்வையாலும் பழக்கத்தாலும் குதிரையை அறிந்தவர் வாக்கோடு சேர்த்தே மதிக்க வேண்டும். கொட்டில் கட்டையை ஓயாமல் கடிப்பதும், நின்ற இடத்திலேயே இடமும் வலமும் ஆடிக்கொண்டிருப்பதும், கண் முன்னே தெரியும் அடையாளங்கள்.

பெரு நாட்டில் பல நூற்றாண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட மனிதரின் தலைமயிரிலிருந்தே கார்ட்டிசாலை அளந்து 2010ல் வெளியிட்டிருக்கிறார்கள். அந்நாட்டின் வறண்ட மணல் காத்துவைத்ததைக் காயல் கடற்கரையின் ஈரமண் காத்துவைக்காது. பாண்டியர் லாயத்துக் குதிரைகளின் 40 நாள் கதையை எந்த ஆய்வுக்கூடமும் இனிச் சொல்லப்போவதில்லை.

சொல்லக்கூடியவை இன்று நம்மிடையே நிற்கும் குதிரைகள். மெரினாவில் வெயிலில் குழந்தைகளைச் சுமப்பவை, உதகையிலும் கொடைக்கானலிலும் ஏரிக்கரைச் சவாரிக்குக் காத்திருப்பவை, பழனி அடிவாரத்தில் வண்டி இழுப்பவை, கல்யாண ஊர்வலத்தில் வெடிச்சத்தத்துக்கு நடுவே அலங்காரத்தோடு நிறுத்தப்படுபவை ஆகிய இவற்றின் வாழ்க்கையை யாரேனும் முறையாக அளந்து பதிவு செய்து வைப்பதே நியாயம். சென்னையில் 1903ல் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒரத்தநாட்டில் மற்றொரு கல்லூரி இருக்கிறது. தடுப்பூசி போடும் நாளிலேயே ஒவ்வொரு குதிரையின் பிடரியிலிருந்தும் ஒரு கற்றையைக் கத்தரித்துப் பதிவு செய்து வைக்க இக்கல்லூரியினர் முன்வர வேண்டும். குதிரை வைத்துப் பிழைப்போர், அந்த முடிவுகளுக்காகக் காத்திராமல், நிழலும் தண்ணீரும் நாள் முழுதும் மெல்லப் புல்லும் அருகில் ஒரு துணைக் குதிரையும் இப்போதே கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.