தரவுத்தள இணைப்புத் தொகுப்பு

தரவுத்தள இணைப்புத் தொகுப்பு அல்லது கனெக்‌ஷன் பூலிங் என்பது, தரவுத்தளத்துடன் ஏற்படுத்திய இணைப்புகளை மூடாமல் வைத்திருந்து, இணையச் செயலிக்கு வரும் அடுத்தடுத்த கோரிக்கைகளுக்கு மீண்டும் பயன்படுத்தும் முறையாகும். புதிய இணைப்பு ஒவ்வொன்றுக்கும் வலையமைப்புத் தொடர்பும் கடவுச்சொல் சரிபார்ப்பும் தேவை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஒவ்வோர் இணைப்புக்கும் தனிச் செயல்முறையையே தொடங்குகின்றது. இச்செலவைத் தவிர்ப்பதே இம்முறையின் நோக்கம்.

பழைய இயக்கிகள்

ஜாவா செயலிகள் ஜேடிபிசி வரையறையைப் பின்பற்றும் இயக்கிகள் வழியே தரவுத்தளத்தை அணுகுகின்றன. 2006 இல் ஜாவா 6 உடன் வெளிவந்த ஜேடிபிசி 4.0, இணைப்பு செயல்படும் நிலையில் உள்ளதா எனச் சோதிக்கும் வசதியை அளித்தது. அதற்கு முந்தைய இயக்கிகளில் இவ்வசதி இல்லை. எஸ்கியூஎல் செர்வருக்கான ஜேடிடிஎஸ் இயக்கியின் 1.3.1 பதிப்பிலும் இதனை அழைத்தால் பிழையே கிடைக்கும். எனவே இத்தகைய இயக்கிகளுக்குச் சோதனை வினவல் ஒன்றைத் தொகுப்பின் அமைப்பில் தருதல் வேண்டும். மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகியவற்றுக்கு "செலக்ட் 1" போதுமானது. ஆரக்கிளின் பழைய பதிப்புகளில் "செலக்ட் 1 ஃப்ரம் டூயல்" என எழுத வேண்டும். இயக்கியின் வகுப்புப் பெயரையும் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டியிருக்கும்.

காலாவதியான இணைப்புகள்

மைஎஸ்கியூஎல் வழங்கி, பயன்பாடின்றி இருக்கும் இணைப்பை இயல்பாக 28,800 நொடிகளில், அதாவது 8 மணி நேரத்தில் துண்டித்துவிடும். தொகுப்பு இதனை அறியாது. எடுத்துக்காட்டாக, வண்டலூர் உயிரியல் பூங்கா போன்ற ஓரிடத்துக்கு நுழைவுச்சீட்டு வழங்கும் செயலியை இரவு முழுவதும் எவரும் பயன்படுத்தவில்லை எனக் கொள்வோம். காலையில் முதலில் வருபவருக்குத் துண்டிக்கப்பட்ட இணைப்பே வழங்கப்பட்டுப் பிழைச்செய்தி தோன்றும். செயலியை மறுதொடக்கம் செய்தவுடன் பிழை மறைந்துவிடுவதால், உண்மையான காரணம் பல நாட்கள் கண்டறியப்படாமல் போவதுண்டு. இணைப்பின் அதிகபட்ச ஆயுட்காலத்தை வழங்கியின் வரம்பைவிடக் குறைவாக அமைப்பதே முறையான தீர்வு. மைஎஸ்கியூஎல் இயக்கியில் உள்ள தானியங்கி மறுஇணைப்பு வசதி எளிதாகத் தோன்றினும், தரவு முரண்பட வாய்ப்புள்ளதால் அதன் ஆவணமே அதனைப் பரிந்துரைப்பதில்லை.

தொகுப்பின் அளவு

காணும் பொங்கல் போன்ற கூட்ட நாட்களில் சிக்கல் வேறு. இணைப்புகளைக் கூட்டினால் வேகமும் கூடும் என்பது பரவலான தவறான கருத்து. போஸ்ட்கிரெஸின் இயல்பு வரம்பு 100 இணைப்புகள். நான்கு செயலி வழங்கிகள் தலா 30 இணைப்புகளைக் கோரினால் மொத்தம் 120 ஆகி, எஞ்சியவை மறுக்கப்படும். தலா 20 என அமைத்தால் நிர்வாகப் பணிகளுக்கும் இடமிருக்கும். பயன்படுத்திய இணைப்பை நிரல் திருப்பித் தராவிடில், எவ்வளவு பெரிய தொகுப்பும் விரைவில் தீர்ந்துவிடும்.