செபராங் பிறைக் கரையோரத்தில் கடல்மீன் வளர்ப்பு: வரலாறும் பொருளியலும்

முன்னுரை

செபராங் ஜெயாவின் வடபுறம் பிறை ஆறு ஓடுகிறது. தெற்கே சிறிது தொலைவில் ஜூரு ஆறு. இரண்டும் பினாங்கு நீரிணையில் கலக்கின்றன. பினாங்கு வளர்ச்சிக் கழகத்தால் 1970களில் உருவாக்கப்பெற்ற இந்நகரில் வாழ்வோருள் பலருக்குக் கடல் என்பது பாலத்தைக் கடக்கும்பொழுது மட்டும் கண்ணில் படும் ஒன்று. 'செபராங்' என்னும் மலாய்ச் சொல்லுக்கு மறுகரை என்பது பொருள். தீவில் நின்று பார்த்தவர் இட்ட பெயர் அது. இக்கட்டுரையில் நாம் அம்மறுகரையில் நின்று நீரிணையைப் பார்க்க முற்படுகிறோம். நம் பார்வைக்கு உரியவை அந்நீரிணையில் மிதக்கும் மீன்கூண்டுகளும் அவற்றின் கணக்கு வழக்குகளும் ஆகும்.

ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் வளர்த்து எடுக்கப்பட்ட மீன், இறால், சிப்பி முதலிய நீர்வாழ் உயிரினங்களின் அளவு 94.4 மில்லியன் டன். பிடித்து எடுக்கப்பட்டவை 91 மில்லியன் டன். வளர்ப்பு பிடிப்பை முந்தியது அவ்வாண்டில்தான். எனவே, கடலில் குறைவதைக் கூண்டு நிறைத்துவிடும் என்னும் நம்பிக்கை வலுப்பெற்றிருப்பதில் வியப்பில்லை. பினாங்கு நீரிணையின் வரலாறோ இந்நம்பிக்கையை அப்படியே ஏற்க நம்மை விடுவதில்லை. இங்குக் கூண்டு, பிடிப்புக்கு மாற்றாக வந்தது என்பதைவிடப் பிடிப்பின் மேல் ஏறி அமர்ந்தது என்பதே பொருந்தும்.

இழுவலையும் உர மீனும்

மலாயாத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இழுவலைப் படகுகள் 1960களில் பெருகின. கடலடியை வாரிச் செல்லும் இவ்வலைகளுக்கும் கரையோரச் சிறு மீனவர்க்கும் இடையே பினாங்கு, பேராக் கரைகளில் மூண்ட மோதல்களில் படகுகள் எரிக்கப்பட்டன, உயிர்களும் போயின. பின்னர் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்கீழ்க் கரையிலிருந்து ஐந்து கடல் மைல் வரையிலான நீர்ப்பரப்பு மரபுவழி மீனவர்க்கென ஒதுக்கப்பட்டது. ஒதுக்கியதும் மீறியதும் ஒருசேர நிகழ்ந்தன என்பதைக் கரையோரத்தார் அனைவரும் அறிவர்.

இழுவலை கரைக்குக் கொண்டுவந்தவற்றுள் விலைபோகாத சிறுமீன்களும் மீன்குஞ்சுகளும் மிகுதி. இவற்றை மலாய் மொழியில் 'ஈக்கான் பாஜா' என்பர். 'பாஜா' என்றால் உரம். பயிருக்கு எருவாகத் தக்கது என்பதற்கு மேல் அம்மீனுக்கு மதிப்பில்லாத காலத்தின் நினைவை அப்பெயர் இன்றும் சுமந்து நிற்கிறது. இவ்வுர மீனுக்கு ஒரு நிலையான சந்தையை உண்டாக்கியதில் மிதவைக் கூண்டுக்குப் பெரும்பங்கு உண்டு. எனவே, கூண்டு வளர்ப்பின் வரலாற்றை இழுவலையின் வரலாற்றிலிருந்து பிரித்து எழுதுதல் இயலாது என்பது நம் கருத்து.

மிதவைக் கூண்டின் வருகை

கடல்நீரில் வளர்த்தல் இந்நாட்டிற்கு முற்றிலும் புதியதன்று. பேராக் கரையின் சேற்றுத் திட்டுகளில் 'கெராங்' எனப்படும் இரத்தச் சிப்பியை விதைத்து அறுவடை செய்யும் முறை 1948இலேயே தொடங்கிவிட்டது. கூண்டில் மீன் வளர்க்கும் முயற்சி 1970களில் உருப்பெற்றது. அதற்குப் பினாங்கு சிறந்த களமாயிற்று. அப்பொழுது குளுகோரில் இயங்கிய மீன்வள ஆய்வுக்கழகம் ஒருபுறமும், 1969இல் நிறுவப்பெற்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் மறுபுறமும் இத்துறையில் ஈடுபட்டன. அப்பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுவா தியா எங், தெங் செங் கே ஆகியோர் களவா மீனைக் (மலாயில் கெராப்பு) கூண்டில் வளர்த்துச் செய்த ஆய்வுகள் 1970களின் இறுதியில் அனைத்துலக ஆய்விதழ்களில் வெளிவந்தன. எத்தனை நாளைக்கு ஒருமுறை இரை இடுவது, ஒரு கூண்டில் எத்தனை மீன் விடுவது என்பன போன்ற, பார்வைக்கு எளியனவாகத் தோன்றும் வினாக்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். பாறை இடுக்கில் மறைந்து வாழ்வது களவாவின் இயல்பு. ஆதலால், கூண்டுக்குள் செயற்கை ஒளிவிடங்களை அமைத்தால் கூடுதலான மீன்களை நெருக்கமின்றி வளர்க்கலாம் என அவர்கள் காட்டினர்.

கொடுவா மீனின் (மலாயில் சியாக்காப்) கதை வேறு. தாய்லாந்தின் சொங்க்லாவில் 1970களின் தொடக்கத்தில் அம்மீனைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்யும் நுட்பம் கைவந்தது. அதன்பின் குஞ்சுக்காகக் கடலை எதிர்பார்க்கும் நிலை நீங்கியது. அயல்நாட்டுப் பொரிப்பகத்தை எதிர்பார்க்கும் நிலை தோன்றியது. 1984இல் வகுக்கப்பட்ட முதல் தேசிய வேளாண்மைக் கொள்கையும் அதனைத் தொடர்ந்தவையும் நீர்வாழின வளர்ப்பை ஊக்குவித்தன. தீவின் தெலுக் பகாங், பத்து மாவுங் பகுதிகளிலும், மறுகரையில் புக்கிட் தம்புனுக்கு எதிரேயுள்ள அமான் தீவைச் சுற்றியும் கூண்டுகள் பெருகின. புக்கிட் தம்புனின் கடலுணவு விடுதிகளுக்குச் செல்வோர் தட்டில் காண்பது பெரும்பாலும் இவ்வளர்ச்சியின் விளைவையே.

கோல ஜூரு

கூண்டு பரவிய அதே காலத்தில், செபராங் ஜெயாவிற்கு மிக அருகில் வேறொரு வகை வளர்ப்பும் தோன்றியது. ஜூரு ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள மலாய் மீனவர் சிற்றூர் கோல ஜூரு. பிறைத் தொழிற்பேட்டை விரிவடைந்தபின், 1970களில், இவ்வூர் மீனவரின் வலையில் மீன் குறைந்தது. சேற்றில் இயல்பாக விளைந்த சிப்பி மடிந்தது. நாட்டின் மிகவும் மாசடைந்த ஆறுகளின் வரிசையில் ஜூரு ஆறு நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. தமிழ் முஸ்லிம் சமூகத்தவரான எஸ்.எம். முகமது இத்ரிஸ் (1926–2019) நெடுங்காலம் தலைமையேற்று நடத்திய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இவ்வூராரின் முறையீட்டை நாடறியச் செய்தது.

ஊரார் முறையீட்டோடு நின்றுவிடவில்லை. ஒன்றுகூடிக் கூட்டுறவு அமைத்துச் சிப்பி வளர்ப்பில் இறங்கினர். கூண்டு மீனுக்கும் சிப்பிக்கும் உள்ள வேறுபாட்டை இங்குச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். சிப்பிக்கு இரை இட வேண்டுவதில்லை. ஓதம் கொண்டுவரும் நுண்ணுயிர்களே அதற்கு உணவு. வலையும் மிதவையும் வேண்டா. விதைச் சிப்பியும் சேற்றுத் திட்டும் உழைப்பும் இருந்தால் போதும். ஆகவே, முதலில்லாதவர் கூடிச் செய்யத்தக்க தொழிலாக அஃது அமைந்தது. ஆனால், நீரை வடிகட்டி உண்ணும் உயிராகையால் நீரின் மாசு முழுவதையும் தன்னுள் வாங்கிக்கொள்வதும் அதுவே. தம் ஆற்றைக் கெடுத்தவர் யார் என்பதில் ஐயமில்லாத மக்கள், அவ்வாற்றின் வாயிலேயே மீண்டும் விதைத்தனர். இதனை நாம் துணிவு என்பதா, வேறு வழியின்மை என்பதா?

கூண்டின் கணக்கு

ஒரு கூண்டு வளர்ப்பாளரின் செலவுகளுள் முதலிடம் பெறுவது இரை. நடைமுறைச் செலவில் பாதியையும் சில வேளை அதற்கு மேலும் அது விழுங்குகிறது. உர மீனை இட்டு ஒரு கிலோ களவாவைப் பெறுவதற்கு ஏறத்தாழ 5 முதல் 8 கிலோ வரை தேவைப்படும். தொழிற்சாலை உருண்டைத் தீவனத்தால் கொடுவாவை வளர்ப்பின் 2 கிலோவுக்கும் குறைவாகவே செலவாகலாம். பச்சை மீனில் முக்கால் பங்கு நீர் என்பதை மறந்து இவ்விரு எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிடுதல் பிழை. எனினும், பெறும் மீனைப்போல் பலமடங்கு மீன் உள்ளே செல்கிறது என்பது மாறாத உண்மை. உள்ளே செல்லும் அச்சிறுமீன்களுள் வளர்ந்திருந்தால் சிறு மீனவரின் வலைக்கு வந்திருக்கக்கூடியவையும் உண்டு. வளர்ப்பாளரின் கணக்கேட்டில் அந்த இழப்பு ஏறுவதில்லை.

உருண்டைத் தீவனம் இச்சிக்கலைத் தீர்க்கும் எனக் கூறுவோர் உண்டு. அதிலும் மீன்தூளும் மீன் எண்ணெயும் சேர்கின்றன. அவற்றின் விலையை நிறுவுவது உலகச் சந்தை. குஞ்சும் பெரும்பாலும் எல்லைக்கு அப்பாலிருந்து வருவதாயின் நாணய மதிப்பு ஆட்டிவைக்கிறது. 1997இல் ஆசிய நிதி நெருக்கடி தோன்றி, டாலருக்கு 2.50 ஆக இருந்த ரிங்கிட் சரிந்து, 1998 செப்டம்பரில் 3.80இல் நிறுத்தப்பட்டபொழுது, ஹாங்காங்கிற்கு உயிர்மீன் விற்றவர்க்கு ரிங்கிட்டில் கூடுதல் வரவு. அதே வேளையில் இறக்குமதிக் குஞ்சும் தீவனமும் விலையேறின. 2003இல் சார்ஸ் நோய் பரவி ஹாங்காங்கின் உணவு விடுதிகள் வெறிச்சோடியபொழுது அந்தச் சந்தையே தளர்ந்தது.

இவற்றிற்கு மேல் நீர். அட்டமி நாட்களை ஒட்டி ஓதத்தின் இழுப்புத் தளரும்பொழுது கூண்டுக்குள் உயிர்வளி குறைகிறது. வலையில் படியும் பாசியையும் கொட்டலசையும் நீக்காவிடின் குறைவு இன்னும் மிகும். ஆற்றுவழி வரும் கழிவும் அந்நாளில் சேர்ந்துகொண்டால், ஆண்டு முழுவதும் வளர்த்தது ஓரிரவில் மிதந்துவிடும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை பினாங்கில் 52 உயிர்களைக் கொண்டு சென்றது. கரையோரக் கூண்டுகளையும் சிதைத்தது.

கடலுக்குக் கிராண்ட் இல்லை

ரப்பர் தோட்டத்தைத் துண்டாடி விற்றவரும் வாங்கியவரும் நிலப்பட்டாவின் அருமையை அறிவர். கூண்டு வளர்ப்பாளருக்கு அத்தகைய 'கிராண்ட்' இல்லை. கடற்பரப்பில் வளர்ப்புக்கு உரிமம் பெறலாம். உடைமை பெற இயலாது. உரிமம் குறுகிய காலத்திற்கு உரியது. ஆதலால், வங்கியில் ஈடுகாட்ட அவரிடம் உள்ளவை மிதவையும் வலையும் நீருக்குள் உள்ள மீனுமே. இவற்றை ஈடாக ஏற்க வங்கிகள் தயங்குவதில் புதுமை இல்லை. விளைவாக, முதலை முன்கூட்டித் தருபவர் பல வேளைகளில் தீவன வணிகராகவோ மீன் மொத்த வணிகராகவோ அமைகிறார். அறுவடையின் விலையைச் சொல்லும் உரிமையும் அவரிடமே சென்றுவிடுகிறது. தோட்டத்துக் கடை வரவேட்டின் வரலாற்றை அறிந்த நம் வாசகர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

உடைமை இல்லாததன் மறுபக்கம், கடலுக்கு வேறொரு பயன் கருதப்படும்பொழுது வெளிப்படுகிறது. பத்து காவானையும் பத்து மாவுங்கையும் இணைக்கும் 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் பாலம் 2014 மார்ச்சில் திறக்கப்பட்டது. தீவின் தென்கரையில் கடலைத் தூர்க்கும் பணி 2023இல் தொடங்கியது. கடல்மீன் வளர்ப்பை ஆராயும் மீன்வள ஆய்வுக்கழகமும் உலக மீன் மையமும் அத்தென்கரையை ஒட்டிய பத்து மாவுங்கிலேயே உள்ளன.

தமிழகத்துச் சான்று

யாருடைய கரை என்னும் இவ்வினா தமிழகத்தில் நீதிமன்றம் வரை சென்றது. நாகப்பட்டினப் பகுதியில் நெல்வயல்களை இறால் பண்ணைகள் உவர்நிலமாக்கியதை எதிர்த்துச் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் தொழில்முறைப் பண்ணைகள் கூடா என 1996 டிசம்பர் 11ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் இயற்றப்பட்ட கடலோர நீர்வாழின வளர்ப்பு ஆணையச் சட்டம் அத்தடையைப் பெரிதும் தளர்த்தி, ஒழுங்குபடுத்தும் வழியை மேற்கொண்டது.

கூண்டு வளர்ப்பு அங்குப் பின்னரே வந்தது. மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 2007இல் விசாகப்பட்டினத்தில் முதற்கூண்டை நிறுவியது. 1947இல் பிறந்த அந்நிறுவனத்தின் மண்டபம் மையத்திலேயே, 2010 மார்ச்சில் கடல் விறால் மீனின் செயற்கை இனப்பெருக்கம் கைகூடியது. குஞ்சுக்கு அயல்நாட்டை நம்பியிருக்கும் நிலையைத் தவிர்க்க அவர்கள் முதலிலேயே முயன்றமை குறிப்பிடத்தக்கது. மண்டபத்தின் கூண்டுகளில் மரபுவழி மீனவர் குழுக்களே வளர்ப்பாளராக ஈடுபடுத்தப்பட்டனர் என்பதும் நம் நீரிணையின் வரலாற்றிலிருந்து வேறுபடும் ஒரு கூறு. 2005ஆம் ஆண்டுச் சட்டம் 2023இல் திருத்தப்பட்டுக் கடற்கூண்டும் கடற்பாசி வளர்ப்பும் அதன் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டன. குழுவாக வளர்த்த மீனவர் அச்சட்டத்தின்கீழ்ப் பதிவுபெறும் பெருமுதலாளருடன் ஒரே கடற்பரப்பில் எவ்வாறு நிலைபெறுவர் என்னும் வினா அங்கு இனிமேல்தான் எழும். கோல ஜூருவில் அவ்வினா ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே எழுந்துவிட்டது. அங்கு எதிர்நின்றது பெரிய கூண்டன்று, கரையிலிருந்து வந்த ஆற்றுநீர்.